பாமினியில் தட்டச்சுச் செய்பவர் புரோகிராமிங் பழகலாமா?

விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 23. உயர்தரத்தில் கலைப்பிரிவு: தமிழ், புவியியல், இந்து நாகரிகம். பெறுபேறு மோசமில்லை, ஆனால் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. இரண்டாம் தரம் எடுக்க வீட்டு நிலைமை விடவில்லை. மூன்று வருடமாக ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை. கடிதம் அடிப்பது, விண்ணப்பப் படிவம் நிரப்புவது, அடையாள அட்டைப் பிரதி எடுப்பது என்று நாள் போகிறது. அப்பா கமக்காரர் அமைப்பில் செயலாளர். சிறுபோகம் வந்தால் யாருக்கு எவ்வளவு காணி என்று கொப்பியில் பங்கு பிரித்து எழுதிக் கொடுப்பதும் இந்தத் தங்கச்சிதான்.

இப்போது கிளிநொச்சியில் ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாத ‘ஃபுல் ஸ்டாக்’ (இணையத்தளத்தின் முன்பக்கம், பின்னால் ஓடும் சேவையகப் பக்கம் இரண்டையும் செய்யப் பழகுவது) டிப்ளோமா என்று விளம்பரம் செய்கிறது. கட்டணம் 185,000 ரூபாய். முடித்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். மாத முடிவுக்குள் 25,000 முற்பணம் கட்டினால் கழிவும் உண்டாம். அம்மாவின் சங்கிலியை அடைவு வைப்பதா, கிழமைக் கடன் எடுப்பதா என்று யோசிக்கிறார். வீட்டில் கொம்பியூட்டர் இல்லை, ஒரு சாதாரண அன்ட்ரோய்ட் போன்தான். பிரான்சில் இருக்கும் சித்தப்பா லப்டொப் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவோ, “உந்த விசர் வேலையை விட்டிட்டு முகாமைத்துவ உதவியாளர் சோதினைக்குப் படி” என்கிறாராம்.

கேள்விகள் நான்கு. கணக்கு வராத, ஆங்கிலம் தடுமாறுகிற கலைப்பிரிவுக்காரிக்கு இது சரிவருமா? எந்த மொழியிலிருந்து தொடங்குவது? அந்தக் கோர்ஸில் சேரலாமா? ஏஐ எல்லாவற்றையும் எழுதித் தருகிற காலத்தில் இதைப் படித்து என்ன பயன்? கடைசியில் ஒரு வரி: “எனக்கு உண்மையில் தெரிந்தது பாமினியில் வேகமாக அடிப்பது மட்டும்தான்.”

அன்புள்ள தங்கச்சி,

அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். கடிதத்தின் நடுவில், பெரிதாக எடுக்காமல், ஒரு கரைச்சலையும் சொல்லியிருக்கிறீர்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதத்தை ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்பக் கேட்கிறார்கள். வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுகிறது. முழுவதையும் எல்லாப் போனுக்கும் கொம்பியூட்டருக்கும் பொதுவான யுனிகோட் முறையில் திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அது ஏன் குப்பையாகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ‘தமிழ்’ என்று அடிக்க உங்கள் விரல் போகும் விசைகள் ஜே, கே, பி, ஓ, கடைசியில் அரைப்புள்ளி. கொம்பியூட்டர் மனதில் வைத்திருப்பதும் அந்த ஐந்தையும்தான். பாமினி எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் பூசிக் காட்டுகிறது, அவ்வளவே. எழுத்துருவைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும்.

சரி, இதை யுனிகோட்டுக்கு மாற்ற ஒரு செய்நிரல், அதாவது புரோகிராம், எழுதுவதென்றால் என்ன செய்ய வேண்டும்? ஓர் அட்டவணை போட வேண்டும். ஜே வந்தால் ‘த’, கே வந்தால் ‘ம’, எஃப் வந்தால் ‘க’. இந்த அட்டவணை புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. ‘தமிழ்’ முதல் தடவையிலேயே சரியாக மாறிவிடும், சந்தோசமாக இருக்கும். அடுத்து ‘கெ’ என்ற எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிழைத்துவிடும். ஏனென்றால் பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் ‘க’ அடிக்கிறீர்கள். யுனிகோட்டில் ‘க’ முதலில், கொம்பு பிறகு. ஆகவே செய்நிரலுக்கு ஒரு விதி சொல்ல வேண்டும்: கொம்பைக் கண்டால் அதைக் கையில் வைத்துக்கொள், அடுத்த எழுத்தை எழுது, பிறகு கொம்பை வை. அதோடு விட்டுவிடுமா? ‘கொ’ வரும்போது முன்னால் கொம்பும் பின்னால் காலும் இருக்கும். யுனிகோட்டில் அவை இரண்டும் சேர்ந்து ஒரே குறி. அதற்கு இன்னொரு விதி.

நீங்கள் இதை வாசித்து, “ஓம், அப்படித்தானே” என்று தலையாட்டியிருந்தால், புரோகிராமிங்கின் பாதியை விளங்கிக்கொண்டீர்கள். ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைப்பது, எது முதல் எது பிறகு என்று ஒழுங்குபடுத்துவது, விதிவிலக்கைக் கண்டுபிடிப்பது. இந்த மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே தேடி எடுத்து உங்கள் விரலுக்கு ஓய்வு கொடுங்கள். ஆனால் நான்கு மாதம் கழித்து நீங்களே ஒன்றை எழுதிப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. இங்கே கொழும்பில் என்னோடு வேலை செய்கிறவர்களில் பாமினித் தட்டச்சுப் பலகையைக் கனவிலும் தட்டக்கூடிய ஒருவர்கூட இல்லை.

கணக்கும் ஆங்கிலமும்

கணக்கு என்று நீங்கள் பயப்படுவது சாதாரண தரத்து அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் என்று நினைக்கிறேன். இணையத்தளம், கடைக்கான பில் போடும் மென்பொருள், படிவம், பட்டியல் போன்ற வேலைகளுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வீதம் போதும். அதையும் கொம்பியூட்டர்தான் செய்யும். எதை எதோடு கூட்டுவது என்று நீங்கள் சொன்னால் சரி. முப்பரிமாண விளையாட்டு, இயந்திரக் கற்றல் போன்ற பக்கங்களுக்குப் போனால் கணிதம் தேவைப்படும். அது பிறகு பார்க்க வேண்டிய கதை.

ஆங்கிலம் வேறு விடயம். அதில் உங்களுக்குப் பாதி ஆறுதல்தான் சொல்ல முடியும். பைதன் என்ற புரோகிராமிங் மொழி தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35. இஃப், ஃபோர், வைல் என்று எல்லாம் சின்னச் சொற்கள். இந்து நாகரிகத்துக்கு நீங்கள் பாடமாக்கிய சமஸ்கிருதச் சொற்கள் அதைவிடக் கனக்க இருக்கும். இன்னொன்று, பைதன் 3இல் நீங்கள் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். கீழே உள்ள மூன்று வரியும் விளக்கத்துக்கு நான் எழுதிய போலி வரிகள் என்று நினைக்க வேண்டாம். அப்படியே ஓடும்:

மொத்தக்காணி = 120
அங்கத்தவர் = 96
பங்கு = மொத்தக்காணி / அங்கத்தவர்

இதற்குக் கீழே ‘பிரிண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, அடைப்புக்குறிக்குள் பங்கு என்று போட்டால் திரையில் 1.25 என்று வரும். ஆளுக்கு ஒன்றேகால் ஏக்கர். அப்பாவின் கொப்பியில் நீங்கள் செய்யும் அதே கணக்கு. இங்கே பங்கு, அங்கத்தவர் எல்லாம் ‘மாறி’கள், அதாவது பெயர் ஒட்டிய பெட்டிகள். அடுத்த சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைந்து 80 ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவானால் முதல் வரியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், மற்றது தானாக மாறும்.

பிறகு அப்பா சொல்வார், “இன்னாருக்கு இரண்டு பெர்மிட் இருக்கு, இரண்டு பங்கு போடு”. அதற்கு ‘இஃப்’ வேண்டும். 96 பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, அமைப்புக்குக் காசு நிலுவை வைத்திருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும். அதற்கு ‘ஃபோர்’. மாறி, நிபந்தனை, மீளச் செய்தல் என்ற மூன்றும் ஒரு கமக்காரர் அமைப்புக் கொப்பிக்குள்ளேயே இருக்கின்றன. முதல் இரண்டு மாதத்துக்கு இது போதும்.

மற்றப் பாதி இதுதான். பிழை வந்தால் கொம்பியூட்டர் ஆங்கிலத்தில்தான் சொல்லும். நல்ல விளக்கக் குறிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வேலைக்குப் போனால் மின்னஞ்சலும் ஆங்கிலம்தான். தமிழிலேயே கட்டளை எழுதுகிற ‘எழில்’ என்ற மொழியும் இருக்கிறது. ஆர்வத்துக்கு எட்டிப் பார்க்கலாம், ஆனால் அதில் வேலை கிடைக்காது. ஆகவே ஆங்கிலத்தை முதலில் முடித்துவிட்டு இதற்கு வருகிறேன் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஆங்கிலமே வேண்டாம் என்று இருக்கவும் வேண்டாம். ஒரு பிழைச்செய்தி வந்தால் அதில் தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் தமிழ் எழுதுங்கள். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பி உங்கள் அகராதியாகிவிடும்.

தமிழில் பாடம் இல்லையே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அது சரியல்ல. தரம் 10, 11 தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல்கள் தமிழில் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. பாய்ச்சற் கோட்டுப்படம் (படிகளைப் படமாக வரைவது), போலிக்குறிமுறை (படிகளைச் சாதாரண வசனத்தில் எழுதுவது) என்று அவை மிக ஆறுதலாகத் தொடங்கும். அதில் வரும் பஸ்கால் மொழி பழையது, அதைப் பாடமாக்கத் தேவையில்லை. யோசிக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதனே வருகிறது. பக்கத்து வீட்டில் அந்தப் பாடம் எடுத்த பிள்ளை இருந்தால் ஆளின் நோட்ஸ் கொப்பியை வாங்கிப் பாருங்கள்.

எந்த மொழி?

பைதன். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். இணையத்தளம்தான் செய்ய ஆசை என்றால் ஜாவாஸ்கிரிப்டும் சரி. இந்த மொழியா அந்த மொழியா என்று யூடியூப்பில் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இரண்டையும் பழகுவதில்லை. ஒன்றைப் பிடித்தால் ஆறு மாதம் விடாதீர்கள். ஒன்று பிடிபட்டால் அடுத்தது மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் வரும்.

லப்டொப் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பைட்ராய்ட் 3 என்ற செயலியை உங்கள் போனில் இறக்குங்கள். கடையில் வைஃபை இருந்தால் அங்கேயே இறக்கிவிடலாம். ஒருமுறை இறக்கினால் பிறகு டேட்டா இல்லாமலே பைதன் ஓடும், மின்சாரம் நின்ற இரவிலும் ஓடும். சின்னத் திரையில் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் தேடி அடிப்பது எரிச்சல்தான், ஆனால் முதல் ஆறு கிழமைக்குப் போதும். முதலாளி சம்மதித்தால் கடை பூட்டுமுன் அரை மணித்தியாலம் கடைக் கொம்பியூட்டரில் இருங்கள். பைதன் இலவசம். அதனோடு வரும் ஐடில் என்ற எழுதுகருவி உங்கள் கடையில் உள்ள பழைய இயந்திரத்திலும் ஓடும்.

சித்தப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். பிரான்சில் கடையில் வாங்கும் லப்டொப்பில் விசைப்பலகை வேறு மாதிரி. நாங்கள் கியூ அடிக்கும் இடத்தில் அங்கே ஏ இருக்கும், எம் வேறிடத்தில் இருக்கும். செட்டிங்ஸில் மாற்றலாம், ஆனால் விசையில் அச்சடித்திருப்பது ஒன்று, திரையில் விழுவது ஒன்று என்றால் தொடக்கத்தில் பைத்தியம் பிடிக்கும். பாமினிக்குப் பழகிய உங்கள் விரலுக்கு இன்னும் மோசம். அந்தக் காசை அனுப்பச் சொல்லி இங்கேயே வாங்குங்கள். பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எட்டு ஜிபி ரம், எஸ்எஸ்டி வட்டு, ஒன்றரை மணித்தியாலமாவது நிற்கும் பற்றரி, இந்த மூன்றையும் பாருங்கள். மின்னி மின்னி வெளிச்சம் போடும் கேமிங் லப்டொப் உங்களுக்கு வேண்டாம்.

பழகும்போது ஒரே ஒரு விடயத்தில் கவனம். காணொளியைப் பார்த்தால் எல்லாம் விளங்கின மாதிரி இருக்கும். மூடிவிட்டு நீங்களாக அடித்தால் இரண்டாவது வரியில் நிற்பீர்கள். ஆகவே பத்து நிமிடம் பார்த்தால் அரை மணித்தியாலம் அடியுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன், இது உங்களுக்கும் நடக்கும். இரண்டு எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டுகிற செய்நிரல் எழுதுவீர்கள். 2 கொடுப்பீர்கள், 3 கொடுப்பீர்கள். விடை 23 என்று வரும். கொம்பியூட்டருக்கு என்ன பிடித்தது என்று பார்ப்பீர்கள். ஒன்றும் பிடிக்கவில்லை. விசைப்பலகையிலிருந்து வாங்கும் எதையும் பைதன் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டும். இதை எண்ணாக எடு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் வந்து போனை வைத்துவிட்டுப் போகத் தோன்றுகிறதா, அல்லது சோறு ஆறினாலும் பரவாயில்லை என்று ஏன் என்று பார்க்கத் தோன்றுகிறதா? இந்தத் தொழில் உங்களுக்குச் சரிவருமா என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சோதனை அதுதான். அதற்கு 185,000 ரூபாய் தேவையில்லை.

அந்தக் கோர்ஸும் கடனும்

இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன், குறைநினைக்க வேண்டாம். அந்த நிறுவனத்தை நான் கெட்டது என்று சொல்லவில்லை, அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் எடுக்கப் போகும் கடன் எனக்கு நன்றாகத் தெரியும். கிழமைக் கடனின் முதல் தவணை அடுத்த கிழமையே வாசலுக்கு வந்துவிடும். பூச்சியத்திலிருந்து தொடங்கும் ஒருவர் இந்தத் துறையில் உழைக்கத் தொடங்க ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று எடுக்கும். ஆறு மாதத்தில் வேலை கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே பட்டம் படித்தவர்கள், அல்லது அதற்கு முன்பே இரண்டு வருடம் வீட்டிலிருந்து பழகியவர்கள். அந்த இடைவெளி முழுக்க நீங்கள் போட்டோகொப்பிக் கடைச் சம்பளத்தில் தவணை கட்ட வேண்டும். வன்னியில் எத்தனை வீடுகளில் அந்தக் கதை எங்கே போய் முடிந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சங்கிலியும் அப்படித்தான், வட்டி ஏறி மீட்க முடியாமல் போனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிப் படிப்பீர்கள்?

நானும் ஒரு காலத்தில் வவுனியாவில் ஒரு நிறுவனத்தில் காசு கட்டி டிப்ளோமா எடுத்தவன்தான். ஜெனரேற்றர் சத்தத்துக்கு நடுவே மூன்று பேருக்கு ஒரு கொம்பியூட்டர். சான்றிதழில் தங்க நிற முத்திரை இருந்தது. பிறகு நான் போன நேர்முகத் தேர்வு எதிலும் அதை ஒருவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

நீங்கள் விசாரிக்க வேண்டியவை இவை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இலக்கம் கேளுங்கள், ஆணைக்குழுவின் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் பதிவானது என்பதும், அந்தக் குறிப்பிட்ட டிப்ளோமா தேசிய தொழிற் தகைமையில் எத்தனையாம் மட்டம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். பதிவு இலக்கத்தைக் காட்டி இரண்டாவது கேள்வியை மழுப்புவார்கள், விடாதீர்கள். அந்தத் தகைமையில் டிப்ளோமா என்றால் மட்டம் ஐந்து. உங்களுடையது அதுவா என்று கேளுங்கள்.

“வேலை நிச்சயம்” என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், கிடைக்காவிட்டால் காசு திரும்புமா? வாயால் சொல்வதற்கும் கையெழுத்திடுவதற்கும் இடையில் அவர்களுடைய குரல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதும் பற்றுச்சீட்டில் அல்லது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசியாக, போன தொகுதியில் படித்த இரண்டு பேரின் தொடர்பைக் கேட்டு வாங்கி, நிறுவனத்தார் பக்கத்தில் இல்லாத நேரம் கதையுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை இந்தக் கடைசிக் காரியத்தில்தான்.

காசு குறைந்த வழிகள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பரந்தன் வந்து ஏ-9இல் கிளிநொச்சியைத் தாண்டினால் அறிவியல் நகர். அங்கே இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தகவல் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது, தேசிய தொழிற் தகைமையோடு. ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய், அடுத்த ஆட்சேர்ப்பு எப்போது, கலைப்பிரிவுக்காரர் விண்ணப்பிக்கலாமா, விடுதி உண்டா என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் அதே அறிவியல் நகரில்தான். அங்கே கணினிப் பொறியியல் படிக்கும் ஊர்ப்பிள்ளை ஒருவரைத் தெரிந்தால், மாதம் ஒருமுறை சந்தேகம் கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. வவுனியாத் தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் தொடங்கிய ‘ஊக்கி’ கோடிங் பள்ளி பல்கலைக்கழகம் போகாத இளையோரை மனதில் வைத்தே ஆரம்பிக்கப்பட்டது. இவற்றில் அனுமதி விதிகளும் திகதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும், ஆகவே நேரில் அல்லது போனில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

வீட்டிலிருந்தே என்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையவழியில் இலவசமாக ஒரு தொடர் நடத்துகிறது. இணைய வடிவமைப்பு, ஆரம்பப் பைதன், பிறகு முன்பக்கம், சேவையகப் பக்கம் என்று படிப்படியாகப் போகும். அந்தத் தனியார் விளம்பரத்தில் உள்ள ‘ஃபுல் ஸ்டாக்’கும் ஏறக்குறைய இதுதான். மூன்று மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் இருக்கிறது. அது ஆங்கில மூலம். வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

ஏஐ வந்துவிட்டதே?

வந்துவிட்டது. நானும் தினமும் பாவிக்கிறேன். நான் சொன்ன சிறுபோகப் பங்கு செய்நிரலை அதனிடம் கேட்டால் சில நொடியில் எழுதித் தரும். ஆனால் இரண்டு பெர்மிட் உள்ளவருக்கு இரண்டு பங்கு என்பதை யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அது தந்த பட்டியலில் 96 பேருக்குப் பதில் 95 பேர் இருந்தால் கண்டுபிடிக்கவும் யாராவது வேண்டும். இல்லையென்றால் விடுபட்டவர் அப்பாவின் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும். எழுதிப் பழகாமல் வாசிக்கத் தெரிந்தவரை நான் இன்னும் காணவில்லை.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது ஏஐயிடம் கொடுக்கும் வழக்கம் வந்துகொண்டிருக்கிறது. முதல் வேலை எடுப்பது முன்பைவிடக் கடினம். “நிச்சய வேலை” என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். முதல் மூன்று மாதம் ஏஐயிடம் எழுதித் தரச் சொல்ல வேண்டாம். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, இந்தப் பிழைச்செய்திக்கு என்ன அர்த்தம், தமிழில் விளக்கு என்று கேளுங்கள். பக்கத்தில் ரியூசன் வாத்தியார் இல்லாத உங்களுக்கு அது பெரிய உதவி. சிலவேளை உறுதியாகப் பிழையும் சொல்லும்; ஓட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அம்மா சொல்வதும் பிழையல்ல

முகாமைத்துவ உதவியாளர் சோதினையை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும் காரியமில்லை. அந்த வேலை கிடைத்து ஏதாவது பிரதேச செயலகத்தில் போய் உட்கார்ந்தால், அங்கே பாமினிக் கோப்புகளும் கையால் கூட்டும் பட்டியல்களும் உங்களுக்காகக் காத்திருக்கும். காலையில் சோதினைப் படிப்பு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் பைதன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக் களைக்க வேண்டாம். அப்பாவின் பங்குப் பட்டியலை ஒருமுறை போனிலேயே போட்டுக் காட்டுங்கள், மிச்சத்தை அப்பாவே வீட்டில் கதைப்பார்.

கடைக்கு வருபவர்களிடமும் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வன்னியில் விதை நெல் விற்பவர், பால் சேகரிக்கும் சங்கம், ரியூட்டரி, மரண உதவிச் சங்கம் என்று எல்லோரும் கொப்பியில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அவர்களில் ஒருவருக்கு உருப்படியாக ஒன்று செய்து கொடுத்தால், நேர்முகத் தேர்வில் சான்றிதழை நீட்டுவதற்குப் பதிலாக அதைத் திறந்து காட்டலாம். முதல் ஆளிடம் பெரிய காசு கேட்காதீர்கள், ஆனால் சும்மாவும் செய்யாதீர்கள். சும்மா செய்தால் நாளைக்கு இன்னொன்று, அடுத்த நாள் வேறொன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இப்போதைக்கு அவசரம் ஒன்றுதான், அந்த 25,000. நாளைக்கு அந்த நிறுவனத்துக்குப் போன் எடுத்து, இந்தத் தொகுதிக்கு வரவில்லை, அடுத்த தொகுதி எப்போது என்று மட்டும் கேளுங்கள். கழிவு போய்விடும் என்பார்கள். போகட்டும். போனை வைத்ததும் பைட்ராய்டைத் திறந்து அந்த மூன்று வரியை அடியுங்கள். ‘கொ’ சரியாக மாறுகிற நாளில் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். ‘ஸ்ரீ’யில் நிச்சயம் மாட்டுவீர்கள், அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.